அக்கினிச் சிறகும் அமானிதமும்

தமிழ் முஸ்லிம் இல்லங்களின் அலமாரியில், திருக்குர்ஆன் தர்ஜுமாவுக்கும் சீறாப்புராணத்துக்கும் அருகே, கடந்த கால் நூற்றாண்டில் இடம்பெற்றுவிட்ட நூல் ஒன்றுண்டு. மர்ஹூம் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அவர்கள் அருண் திவாரியின் துணையோடு ஆங்கிலத்தில் எழுதி 1999இல் வெளிவந்த தன்வரலாறு அது, மு. சிவலிங்கம் அவர்களின் தமிழாக்கத்தில் ‘அக்னிச் சிறகுகள்’ என்னும் பெயரோடு வீடுதோறும் நுழைந்தது. பள்ளிப் பரிசாகவும், தேர்வில் தேறிய பிள்ளைக்குப் பெற்றோர் தரும் அன்பளிப்பாகவும் அந்நூல் வழங்கப்பெறுகிறது. அதன் பின்வந்த ‘எழுச்சி தீபங்கள்’ என்னும் நூலும் அவ்வாறே. இவ்விரு நூல்களையும் ஒரே ஒரு கேள்வியைக் கையிற் கொண்டு மீண்டும் படித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அக்கேள்வி இதுதான்: பேரழிவு ஆயுதங்களை எந்தெந்த நாடுகள் வைத்திருக்கலாம்? 2003இல் இராக்கின்மீது படையெடுத்தவர்கள் அங்கே பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகக் கூறினர். தேடிப் பார்த்தபோது அவை கிடைக்கவில்லை. 2025 ஜூன் மாதத்தில், தன்னிடம் அணுகுண்டு உண்டென்று ஒப்புக்கொள்ளாமலும் இல்லையென்று மறுக்காமலும் பல்லாண்டு கழித்த இஸ்ரேலும், அணுகுண்டை நகரங்களின்மீது வீசிய ஒரே நாடாகிய அமெரிக்காவும், ஈரானின் அணு நிலையங்களைத் தாக்கின. ‘உனக்குத் தகுதி இல்லை’ என்று சொல்லும் தகுதி யாருக்கு உண்டு என்ற விவாதம் நம் தெருக்களிலும் திண்ணைகளிலும் நடந்தது. அவ்விவாதத்தில் நம் இளைஞர்கள் மேற்கோள் காட்டுவது பெரும்பாலும் கலாம் அவர்களின் பெயரையே. ஆதலின் அவர் நூல்கள் இதற்கு என்ன விடை தருகின்றன என்று பார்ப்பது நம் கடமையாகிறது.

நூலின் சிறப்பை முதலில் சொல்வோம். இராமேசுவரம் பள்ளிவாசல் தெருவும், தந்தையார் ஜைனுலாப்தீன் அவர்களுக்கும் கோயிலின் தலைமைக் குருக்கள் லட்சுமண சாஸ்திரிகளுக்கும் இருந்த நட்பும், சென்னையில் பொறியியல் படிக்கப் பணமின்றித் தவித்தபோது தமக்கையார் ஜொஹரா தம் தங்க வளையல்களை அடகு வைத்ததும் அலங்காரமின்றிச் சொல்லப்பட்டுள்ளன. 1979 ஆகஸ்டு 10ஆம் நாள் எஸ்.எல்.வி.–3 வங்கக் கடலில் வீழ்ந்ததையும், 1980 ஜூலை 18இல் அது வென்றதையும் ஒரே குரலில் சொல்லும் நிதானம் அந்நூலில் உண்டு. தோல்வியை மறைக்காத தன்வரலாறு தமிழில் படிக்கக் கிடைப்பது அரிது. முஸ்லிம் வீட்டுப் பிள்ளை ஒருவன் தொழுகையையும் ஆய்வுக்கூடத்தையும் ஒரே வாழ்வில் இணைத்துக்கொண்ட வரலாறு என்ற முறையிலும் அது நமக்கு அருமையானது. இதில் எவருக்கும் மாற்றுக்கருத்து இராது.

ஆயினும் நம் கேள்விக்கு விடை தேடுவோர் ஓரிடத்தில் தயங்கி நிற்க நேரும். நூலின் உச்சம் 1989 மே 22இல் ஏவப்பெற்ற அக்கினி ஏவுகணை. அது எவ்வாறு பறந்தது என்பது நுணுக்கமாகச் சொல்லப்படுகிறது. அதன் தலையில் எதை ஏற்றலாம், அது எங்கே இறங்கும், இறங்கும் இடத்தில் இருப்பவர் யார் என்பன சொல்லப்படவில்லை. 1998 மே மாதப் பொக்ரான் சோதனைகள் அந்நூலின் கதையோட்டத்துக்குள் வருவதே இல்லை. சிறகின் வரலாறு முழுமையாக இருக்கிறது; அக்கினியின் வரலாறு பாதியில் நிற்கிறது.

நூலில் நம் சமுதாயத்தார் பெரிதும் விரும்பிப் படிக்கும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் வாலப்ஸ் தீவு ராக்கெட் நிலையத்துக்குப் பயிற்சிக்காகச் சென்ற இளம் கலாம், அங்கே வரவேற்பு மண்டபத்தில் ஓர் ஓவியத்தைக் காண்கிறார். ராக்கெட்டுகள் பறக்கும் போர்க்களம். அவற்றை ஏவுவோர் வெள்ளையர் அல்லர், கருநிற வீரர்கள். திப்பு சுல்தானின் படை அது என்று அறிந்ததும் அவர் உள்ளம் பூரிக்கிறது. படிக்கும் நம் உள்ளமும் பூரிக்கிறது. ஆனால் அந்த ராக்கெட்டின் பிற்கால வரலாற்றையும் நாம் தொடர்ந்து பார்க்க வேண்டாமா?

1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஹைதர் அலி, திப்பு சுல்தான் படைகள் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை முறியடித்தன. மைசூர் ராக்கெட்டுகளுக்கு அவ்வெற்றியில் பங்குண்டு. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. கைப்பற்றப்பட்ட ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குச் சென்றன. வில்லியம் காங்கிரீவ் என்பார் அவற்றைப் பார்த்து ஆராய்ந்து தம் நாட்டுக்கு ராக்கெட் செய்து கொடுத்தார். 1807இல் பிரிட்டிஷ் கடற்படை டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனைத் தாக்கியபோது, குண்டுகளோடு காங்கிரீவின் ராக்கெட்டுகளும் அந்நகரின்மீது வீழ்ந்தன, வீடுகள் எரிந்தன. அந்நகரத்துப் பெண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் மைசூரோடு என்ன பகை? ஆயுதம் தன்னைச் செய்தவனின் நியாயத்தைத் தன்னோடு சுமந்து செல்வதில்லை என்பதே இவ்வரலாறு தரும் பாடம். ‘நல்லவர் கையில் இருந்தால் குற்றமில்லை’ என்னும் வாதம் இங்கேயே தளர்ந்துவிடுகிறது. ஏனெனில் கை மாறுகிறது, ஆயுதம் மாறுவதில்லை.

இனி, நாடுகளுக்கிடையே நடக்கும் வாதத்துக்கு வருவோம். 1968இல் கையொப்பத்துக்கு வைக்கப்பட்டு 1970இல் நடைமுறைக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம், 1967 ஜனவரி 1ஆம் நாளுக்கு முன் அணுகுண்டு வெடித்தவர்களை ‘அணு ஆயுத நாடுகள்’ என்று ஏற்றுக்கொண்டது. அமெரிக்கா, சோவியத் யூனியன், பிரிட்டன், பிரான்சு, சீனா ஆகிய ஐந்தே அவை. மற்றவர்கள் ஆயுதம் செய்யமாட்டோம் என்று வாக்களித்தனர். ஐவரும் ஆயுதக் களைவுக்காக நல்லெண்ணத்தோடு பேச்சு நடத்துவதாக வாக்களித்தனர். 1995இல் இவ்வொப்பந்தத்துக்குக் காலவரம்பும் நீக்கப்பட்டது. முந்தியவன் வைத்துக்கொள்ளலாம், பிந்தியவன் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது எந்த நீதிநூலில் உள்ள விதி என்று இந்தியா கேட்டது. கேள்வி நியாயமானது. நாமும் அதையே கேட்போம்.

ஆனால் அந்நியாயமான கேள்வியிலிருந்து, ‘ஆதலின் நாமும் வைத்துக்கொள்ளலாம்’ என்ற முடிவு பிறக்குமா என்பதே ஆராய வேண்டியது. வானூர், மரக்காணம் வட்டாரத்தில் வாழும் நமக்கு ஏகபோகம் என்றால் என்னவென்று புரியவைக்க உப்பைவிட நல்ல உவமை வேறில்லை. வெள்ளையர் அரசு உப்புக்குச் சட்டம் போட்டது. கடல்நீர் வெயிலில் காய்ந்து தானே தரும் பொருளை எடுக்கக் கூடாது என்றது. 1930இல் தண்டியிலும் வேதாரணியத்திலும் அச்சட்டம் மீறப்பட்டது, மீறியது அறம். ஏன்? உப்பு எல்லாருக்கும் வேண்டிய பொருள். அதை ஒருவர் அடைத்துவைப்பது அநீதி. நஞ்சு ஐவரிடம் அடைபட்டிருந்தால், அதுவும் ஆபத்துதான். ஆனால் அவ்வேகபோகத்தை உடைத்து ஆறாவது, ஏழாவது, ஒன்பதாவது வீட்டுக்கும் நஞ்சைப் பங்கிட்டால் நீதி பிறந்துவிடுமோ? உப்புக்கு நீதி பங்கீடு. நஞ்சுக்கு நீதி அழிப்பு. இவ்வேறுபாட்டை மறைத்துப் பேசுவதால்தான் விவாதம் ஐம்பது ஆண்டுகளாக ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இது நமக்குத் தொலைதூரத்துச் செய்தியும் அன்று. மரக்காணத்து உப்பளங்களிலிருந்து அதே கடற்கரையில் வடக்கே சென்றால் கல்பாக்கம். அங்கே சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983இலும், வேக ஈனுலைச் சோதனை நிலையம் 1985இலும் இயங்கத் தொடங்கின. 2008இல் அமெரிக்காவோடு அணுசக்தி உடன்பாடு செய்தபோது இந்தியா தன் உலைகளைக் குடிமை உலைகள் என்றும் மற்றவை என்றும் பிரித்து, முன்னவற்றை மட்டும் சர்வதேச மேற்பார்வைக்கு உட்படுத்தியது. கல்பாக்கத்து உலைகள் அம்மேற்பார்வைக்கு வெளியே நிறுத்தப்பட்டன. அங்கே ஆயுதம் செய்யப்படுகிறது என்று நாம் கூறவில்லை. அங்கிருந்து வரும் மின்சாரத்தின் பயனை நாமும் அறிவோம். பொக்ரான் வடக்கே எங்கோ பாலைவனத்தில் நிகழ்ந்தது, நமக்கென்ன என்று இக்கரையில் வாழ்வோர் சொல்ல இயலாது என்பதே நம் கருத்து. 1988இல் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒருவர் அணு நிலையங்களை மற்றவர் தாக்குவதில்லை என்று உடன்படிக்கை செய்துகொண்டு, ஆண்டுதோறும் ஜனவரி முதல் நாளன்று தத்தம் நிலையங்களின் பட்டியலைப் பரிமாறி வருகின்றன. பகைவரும் உடன்படக் கூடும் என்பதற்கு அப்பட்டியலே சான்று.

இங்கே நம் சமுதாயத்துக்கு மட்டும் உரிய ஒரு நெருடலை வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். 1998 மே 11, 13ஆம் நாள்களில் இந்தியா சோதனை நடத்தியது. மே 28, 30ஆம் நாள்களில் பாகிஸ்தான் நடத்தியது. அங்கே அதை ‘இஸ்லாமியக் குண்டு’ என்று சிலர் புகழ்ந்தனர். இங்கே முஸ்லிமின் தேசப்பற்றை ஐயுற்றுப் பேசியவர்களுக்கு விடையாக, ‘எங்கள் கலாம் அல்லரோ குண்டு செய்தவர்’ என்று நம்மவர் சிலர் மார்தட்டினர். இரண்டு பேச்சும் ஒரே நோயின் இரண்டு முகங்கள். அணுகுண்டுக்குக் கலிமா சொல்லிக் கொடுத்து அதை இஸ்லாத்தில் சேர்க்க முடியாது. அவ்வாறே நம் நாட்டுப் பற்றுக்கு அணுகுண்டைச் சான்றிதழாக நீட்டவும் வேண்டியதில்லை. இந்நாட்டில் பிறந்து, உழைத்து, வரி செலுத்தி, இம்மண்ணிலேயே அடங்கும் குடிமகனுக்கு அத்தகைய சான்றிதழ் எதற்கு? கலாம் அவர்களின் பெருமையை நகரழிக்கும் கருவி ஒன்றோடு கட்டிவைப்பது அவரைச் சிறுமைப்படுத்துவதேயாகும்.

மார்க்கம் என்ன சொல்கிறது? ஆயுதத்துக்கு ஆதரவாகப் பேசுவோர் எடுத்துக்காட்டுவது அன்ஃபால் அத்தியாயத்தின் 60ஆம் வசனம். பகைவர் அஞ்சும்படி இயன்ற வலிமையை ஆயத்தம் செய்யுமாறு அது ஆணையிடுகிறது. இன்றைய நாடுகள் ‘அச்சுறுத்தித் தடுத்தல்’ என்று கூறுவதும் இதுதானே என்பது அவர்கள் வாதம். வலுவான வாதம், இதைத் தட்டிக்கழித்துச் செல்வது ஆலிம்களுக்கு அழகன்று. ஆனால் அடுத்த வசனமே, பகைவர் சமாதானத்தின் பக்கம் சாய்ந்தால் நீரும் சாய்வீராக என்று கட்டளையிடுவதையும் சேர்த்தே ஓத வேண்டும். மேலும், ஆயத்தம் செய்யச் சொன்ன மார்க்கமே ஆயத்தத்தின் எல்லையையும் வரைந்திருக்கிறது. ஷாமுக்குப் படை அனுப்பிய அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்கள், பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் கொல்லாதீர், கனிமரங்களை வெட்டாதீர், உணவுக்கன்றிக் கால்நடையை அறுக்காதீர், துறவு பூண்டோரை விட்டுவிடுவீர் என்ற கருத்துப்பட உபதேசித்தது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் பதிவாகியுள்ளது. நெருப்பால் தண்டிக்கும் உரிமை அல்லாஹ்வுக்கே உரியது என்று நபிகள் நாயகம் (ஸல்) தடுத்ததும் புகாரியில் உள்ளது.

தாயிஃப் முற்றுகையில் மின்ஜனீக் என்னும் கல்லெறி பொறி பயன்படவில்லையா, அது ஆளறிந்தா அடித்தது என்று கேட்பாரும் உண்டு. ஃபுகஹாக்கள் அப்பொறியைப் பேசியிருக்கிறார்கள்; நிர்ப்பந்தத்தில் அனுமதித்தும் இருக்கிறார்கள். ஆனால் அப்பொறியின் குறி கோட்டைச் சுவர். தவறி விழும் கல்லால் அப்பாவி சாகக் கூடும் என்பதே அவர்கள் கவலை. அணுகுண்டின் குறியோ ஊரே. 1945 ஆகஸ்டு 6இல் ஹிரோஷிமாவிலும் 9இல் நாகசாகியிலும் வீழ்ந்த இரு குண்டுகளால் அவ்வாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 2 லட்சம் பேர் மடிந்தனர். அங்கே தவறி விழுந்த கல் ஏதும் இல்லை; விழ வேண்டிய இடத்திலேயே விழுந்தது. ஆகவே மின்ஜனீக்கை அணுகுண்டுக்குக் கியாஸ் செய்வது பொருந்தாது.

‘பயன்படுத்தப் போவதில்லை, வைத்திருக்கிறோம், அவ்வளவே’ என்பது அடுத்த வாதம். இதற்கு ஷாஃபிஈ மத்ஹபில் தெளிவான விடை உண்டு. பயன்படுத்துவது ஹராமான பொருளை வைத்திருப்பதும் ஹராம் என்னும் பொதுவிதியை இமாம் சுயூத்தி (ரஹ்) அவர்கள் தம் ‘அல்அஷ்பாஹு வந்நளாயிர்’ நூலில் எடுத்துப் பேசுகிறார்கள். அதற்கு மதரஸாக்களில் சொல்லித்தரப்படும் உதாரணம் தங்க, வெள்ளிப் பாத்திரங்கள். அவற்றில் உண்பதும் பருகுவதும் தடுக்கப்பட்டவை. உண்ணாமல் அலமாரியில் அழகுக்கு வைக்கலாமா என்ற கேள்விக்கு, கூடாது என்பதே மத்ஹபில் வலுவான கூற்று. வைத்திருப்பது பயன்படுத்தலுக்கு இழுத்துச் செல்லும் என்பது காரணம். உணவுத் தட்டுக்கே இந்தப் பேணுதல் என்றால் ஊரை எரிக்கும் கருவிக்கு எவ்வளவு பேணுதல் வேண்டும்! அச்சுறுத்தல் என்பது ஒரு வாக்குறுதி. நிறைவேற்றுவது ஹராமான வாக்குறுதியை ஆண்டுக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருப்பது எப்படி ஆகுமானதாகும்?

ஈழத்துச் சட்ட அறிஞர் சி.ஜி. வீரமந்திரி அவர்களை இங்கே நன்றியோடு நினைக்கிறோம். அவர் முஸ்லிம் அல்லர். ஆயினும் இஸ்லாமியச் சட்டவியலைக் கற்று 1988இல் தனி நூல் எழுதியவர். 1996 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம், அணு ஆயுதப் பயன்பாடு பொதுவாகப் போர்ச் சட்டத்துக்கு முரணானது என்று கூறிவிட்டு, ஒரு நாட்டின் உயிரே ஊசலாடும் நிலையில் என்ன செய்வது என்பதை முடிவு கூறாமல் விட்டது. நீதிபதி வீரமந்திரி அதனை ஏற்காமல், எந்நிலையிலும் அது சட்டவிரோதமே என்று தனித்தீர்ப்பு எழுதினார். அதில் இராமாயண, பாரதக் கதைகளையும் இஸ்லாமியப் போர்நெறியையும் சான்றாகக் கொண்டார்.

தமிழ் மரபும் இதற்கு வேறானதன்று. பாண்டியன் முதுகுடுமியைப் பாடிய நெட்டிமையாரின் புறப்பாட்டு, அம்பு விடுமுன் ஆநிரைக்கும் பெண்டிருக்கும் பிணியாளருக்கும் அரண் தேடிச் செல்ல அறிவிப்புத் தரும் அறத்தைப் போற்றுகிறது. நலங்கிள்ளி உறையூரை முற்றியபோது கோவூர்கிழார், இருவரும் ஒரே குடியினர், எவர் தோற்றாலும் தோற்பது உம் குடியே என்று இடித்துரைத்தார். டில்லிக்கும் இஸ்லாமாபாத்துக்கும் இன்று சொல்ல வேண்டிய சொல் அதுவே. நம் புலவர்கள் வளர்த்த படைப்போர் இலக்கியத்தையும் பாருங்கள். வரிசை முகியித்தீன் புலவரின் ‘சக்கூன் படைப்போர்’ ஆயினும், அசன் அலிப் புலவரின் ‘ஐந்து படைப்போர்’ ஆயினும், எதிர்நிற்கும் வீரனுக்குப் பெயர் உண்டு, முகம் உண்டு, வீரம் உண்டு. அணுப்போரைப் பாடப் படைப்போர்ப் புலவர் எவராலும் இயலாது. அங்கே வீரனும் இல்லை, களமும் இல்லை, பாடக் கேட்போரும் மிஞ்சார். 1998இல் சோதனைக்கு ஆணையிட்ட பிரதமர் வாஜ்பாய் அவர்களே, ஹிரோஷிமாவின் வேதனையைப் பற்றி இந்தியில் கவிதை எழுதியவர்தாம். கவிஞரின் நெஞ்சு அறிந்ததை ஆட்சியாளரின் கை தள்ளிவைத்தது.

‘நாளைக் காலையே நம் நாடு ஆயுதத்தைக் கடலில் எறிய வேண்டுமா? 1994இல் தன்னிடமிருந்ததை ஒப்படைத்த உக்ரைனின் கதி 2022இல் என்னவாயிற்று?’ என்று கேட்டால், அக்கேள்வியை நாம் எள்ளி நகையாடமாட்டோம். இருபுறமும் அணு ஆயுத அண்டை நாடுகளைக் கொண்ட தேசம் இது. நிர்ப்பந்தம் என்று ஆட்சியாளர் கூறலாம். அப்படியாயின் நிர்ப்பந்தத்துக்குரிய சட்டத்தையும் ஏற்க வேண்டும். ளரூரத் தன் அளவைத் தாண்டக் கூடாது என்பது ஃபிக்ஹின் விதி. பசியால் உயிர்போகும் நிலையில் செத்த பிராணியைத் தின்ன அனுமதி உண்டு. அதை அலங்கரித்து விருந்து வைக்க அனுமதி இல்லை. முதலில் பயன்படுத்தமாட்டோம் என்று 2003இல் இந்தியா அறிவித்த கொள்கை அந்த அளவை நோக்கிய ஓரடி. இரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கை முந்தியவன், பிந்தியவன் என்று பாராமல் எல்லாரையும் ஒரே சட்டத்தில் நிறுத்தியது. அதன்படி இந்தியா தன் இரசாயன ஆயுதக் கையிருப்பை 2009இல் அழித்து முடித்தது. அதனால் நாடு வீழ்ந்துவிடவில்லை. சோவியத் சோதனைத் திடலாயிருந்த செமிபலாத்தின்ஸ்கை 1991இல் மூடி, தன் மண்ணிலிருந்த ஆயுதங்களையும் அனுப்பிவிட்ட கஜகஸ்தான் முஸ்லிம்கள் பெரும்பான்மையாய் வாழும் நாடு. 2017இல் உருவாகி 2021இல் நடைமுறைக்கு வந்த அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் கஜகஸ்தானும் வங்காளதேசமும் மலேசியாவும் இந்தோனேசியாவும் இணைந்துள்ளன. அணுகுண்டு வைத்திருக்கும் நாடு எதுவும் அதில் இணையவில்லை. ‘இஸ்லாமியக் குண்டு’ என்று பெருமை பேசுவோர் இந்நாடுகளின் இஸ்லாத்தையும் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

மீண்டும் நூலுக்கு வருவோம். ‘எழுச்சி தீபங்கள்’ ஒரு கனவோடு தொடங்குகிறது. நிலவொளி வீசும் பாலைவனத்தில் காந்தியடிகள், ஐன்ஸ்டீன், அசோகர், ஆபிரகாம் லிங்கன், கலீஃபா உமர் (ரலி) ஆகிய ஐவரைக் கலாம் அவர்கள் காண்கிறார். மனிதன் ஏன் வன்முறையில் வீழ்கிறான் என்பது அங்கே பேச்சு. கனவின் அமைப்பு உயர்ந்தது. ஐவரின் தேர்வும் உயர்ந்தது. ஆயினும் நம் நாடே வெடித்த குண்டு பற்றிய கேள்வி அந்த ஐவர் முன்னிலையில் நேர்நின்று விசாரிக்கப்படவில்லை. ஜெருசலம் நகருக்குள் நுழைந்து, அந்நகரத்துக் கிறித்தவர்களின் உயிருக்கும் ஆலயங்களுக்கும் அடைக்கலம் எழுதிக் கொடுத்து, ‘நான் தொழுத இடம்’ என்று பின்னாளில் எவரும் உரிமை கொண்டாடக் கூடாதென்று ஆலயத்துக்குள் தொழவும் மறுத்தவர் உமர் (ரலி). தமக்குப் பின் வருவோர் கையில் ஒரு பொருள் என்னவாகும் என்று அத்துணைத் தொலைவு எண்ணிய அவரிடம், ‘இவ்வாயுதத்தை எம் வாரிசுகளிடம் விட்டுச் செல்லலாமா?’ என்று கேட்டிருக்க வேண்டும். நூலின் குறை இதுவே. எழுதியவரின் நல்லெண்ணத்தில் நமக்கு ஐயமில்லை. எழுதப்படாமற்போன பக்கமே நம் வருத்தம்.

எந்த நாடு வைத்திருக்கலாம் என்ற கேள்விக்கு நம் விடை இப்போது எளிது. அமானிதம் என்பது காத்து, உரிய காலத்தில் உரியவரிடம் கணக்கோடு ஒப்படைக்கக் கூடிய பொருள். பயன்படுத்தினால் கணக்குக் கேட்பவரையே மிச்சம் வைக்காத பொருளுக்கு எவரும் அமீன் ஆக முடியாது. ஐவரும் ஆக முடியாது, ஒன்பதின்மரும் ஆக முடியாது.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். ‘அக்னிச் சிறகுகளை’ப் பிள்ளைகளிடமிருந்து எடுத்துவிடாதீர்கள், தொடர்ந்து கொடுங்கள். கொடுக்கும்போது இன்னொரு செய்தியையும் சேர்த்துச் சொல்லுங்கள். அக்கினி ஏவுகணைக்காக உருவான இலேசான கலவைப் பொருளைக் கொண்டு, இளம்பிள்ளை வாதத்தால் கால் நலிந்த குழந்தைகளுக்கு நடைக்கருவி செய்யப்பட்டது. மூன்று கிலோ எடையைச் சுமந்து இழுத்து நடந்த குழந்தைகள் 300 கிராம் கருவியோடு ஓடியதைக் கண்டபோது அடைந்த மகிழ்ச்சியைக் கலாம் அவர்கள் மேடைதோறும் சொல்லியிருக்கிறார்கள். ஒரே பொருள், ஒரே அறிவு. எந்தப் பயனைத் தாம் பெரிதாக மதித்தார் என்பதை அவரே சொல்லிவிட்டார். அந்தச் சொல்லைப் பிள்ளைகளின் நெஞ்சில் நிலைநிறுத்துவது நம் பொறுப்பு.